பைன் பெட்டி

பெட்டி காலையில வந்த பிளைட்ல இறங்குச்சு. கொரியாவுலேர்ந்து. உள்ள இருந்தது அஃபிக், அங்க கம்பெனி வேலைக்குப் போன பையன். ரோட்டுல அடிபட்டு செத்துட்டான். பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட் கார்கோ கொட்டகைக்கு வெளிய அவன் அத்தா அப்துல் ஹமீது நின்னாரு. பக்கத்துல அவன் அக்கா நஜ்வா. பள்ளிவாசல் வேனும் வந்து நின்னுச்சு. குழி தோண்டியாச்சாம். மத்தியான லுஹர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம் பண்ணணும்.

என் வேலை மரத்தப் பாக்கறது. வெளிநாட்டு மரப்பெட்டின்னா பூச்சி சாகற அளவுக்கு சூடு பண்ணி, முத்திரை குத்தி அனுப்பணும். குளுவாங்ல இருந்த என்னைய இதுக்குத்தான் பினாங்குக்கு மாத்தி விட்டாங்க. புக்கிட் மெர்தாஜாம்ல ஒரு ரூம் எடுத்து இருக்கேன். இங்க எனக்கு யாரையும் தெரியாது.

பெட்டியில முத்திரை இல்ல. ஒரு பலகை ஓரத்துல பட்டைய கூட உரிக்கல. யாரோ அவசரமா அடிச்சது. கீழ் மூலையில மரத்தூள் கொட்டிக் கெடந்துச்சு, துருவுன தேங்கா மாதிரி நார் நாரா. காதை வெச்சுக் கேட்டேன். கர்ரு கர்ருன்னு சத்தம். உள்ள ஏதோ பலகையத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. பொணம் இருக்கற பெட்டியில காதை வெச்சிருக்கேன்னு அப்புறம்தான் தோணுச்சு. தோணியும் ஒண்ணும் ஆகல.

அப்புத்துரை சாருக்கு போன் போட்டேன். எந்தப் பூச்சியால எவ்ளோ ஆபத்துன்னு எடை போட்டு முடிவு சொல்றது எங்க ஆபீஸ்ல அவருதான்.

"உசுரோட இருக்கா?"

"சத்தம் கேக்குது சார்."

"பைன்தானே?"

"வாசனையே வருது சார்."

"அப்ப நீட்டு மீசை வண்டா இருக்கும். வண்டு கூட போனா போவுது லா. அது உடம்புல கண்ணுக்குத் தெரியாத புழு ஏறி வரும், அதான் மரத்தக் கொல்றது. நம்ம ஊரு சூடு அதுக்குக் கொண்டாட்டம்."

"பினாங்குல பைன் எங்க சார் இருக்கு? பீச்ல நிக்குதே, அதா?"

"அது ரூ மரம்மா, சவுக்கு. அதுகிட்ட இது போவாது. கேமரன் மலையில நட்டு வெச்சிருக்காங்க பாரு, அதான் பயம். காய்கறி லோரி தெனம் ஏறி எறங்குது. வண்டு என்ன டிக்கெட்டா எடுக்கப் போவுது? சரி, இந்த மரம் கடைசியா எங்க போவும்?"

"மண்ணுக்குள்ள சார். அடக்கம் பண்றாங்க."

"பெட்டியோடவா?"

"ஆமா சார்."

"அப்ப ஆபத்து அதிகம்னுதான் போடணும். மேல் மண்ணு லேசா கெடக்கும், தொளச்சுட்டு வந்துரும். பொதைச்சத யாரு போய்த் தோண்டிப் பாக்கறது? புகை போடலாம்னா உள்ள ஆளு இருக்கு. நிறுத்தி வை. மேல கேட்டு சொல்றேன், ரெண்டு நாள் ஆவும்."

வெளிய போய் சொன்னேன். வேற யாரோ பேசற மாதிரி என் குரல் எனக்கே கேட்டுச்சு.

"ரெண்டு நாளா?" நஜ்வா கத்துனா. "பூச்சிக்கு விசா இல்லன்னு என் தம்பிய உள்ள போட்டு வேக வெப்பியா? உன் வீட்டு ஆளா இருந்தா இப்படி நிப்பியா?"

"சத்தம் போடாத நஜ்வா. அந்தப் புள்ள என்ன பண்ணும்." அப்துல் ஹமீது என்கிட்ட திரும்புனாரு. ராத்திரி பூரா தூங்காத கண்ணு. "ஏம்மா, பூச்சி எதுல இருக்கு? எம்மவன் மேலயா?"

"இல்ல அங்கிள், பலகையில. அந்தப் பலகைய குழிக்குள்ள எறக்க விட முடியாது."

"பலகைய யாரு எறக்கப் போறா?"

எனக்கு வெளங்கல.

"நாங்க பெட்டியோட பொதைக்க மாட்டோம்மா. கபன் துணியில சுத்தி எறக்கறது மட்டுந்தான். பெட்டிய நீயே வெச்சுக்க. புள்ளயக் குடு."

எங்கப்பாவ நாங்க பெட்டியோடதான் தூக்கிட்டுப் போய் எரிச்சோம். எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன். வெளிய வந்து அவங்ககிட்ட ஒரு வார்த்தை நான் கேக்கல. சாருக்குத் திரும்ப போன் போட்டு சொன்னேன்.

"நான் பினாங்குலயே பொறந்தவன்மா. எனக்குக் கூட தோணல பாரு." அப்புறம் வேலைக் குரலுக்கு மாறிட்டாரு. "கதவ எல்லாம் சாத்து. கீழ பிளாஸ்டிக் விரி. உள்ளயே வெச்சுக் கழட்டு. மரத்துல ஒரு சிலாம்பு வெளிய போவக்கூடாது. பையனோட மய்யித்த அவங்ககிட்ட குடுத்துரு."

பள்ளிவாசல்லேர்ந்து வந்த ரெண்டு பேரு ஸ்குரு கழட்டுனாங்க. உள்ள ஈயம் வெச்சு அடைச்ச தகரப் பெட்டி. மேல் பலகையத் தூக்குனதும் ஒரு வண்டு தகரத்து மேல விழுந்துச்சு. கருப்பும் பழுப்புமா, உடம்ப விட நீளமா மீசை. மெதுவா நடந்து, அஃபிக் பேரு ஒட்டியிருந்த எடத்துல நின்னுச்சு.

"இதானா?" அப்துல் ஹமீது கேட்டாரு.

"இதான் அங்கிள்."

"அவ்ளோ தூரம் அவன்கூட இதாச்சும் வந்துச்சே," நஜ்வா சொன்னா. அதுக்கப்புறம்தான் அழுதா.

நான் வண்ட குப்பியில புடிச்சேன். தகரத்த ஸ்பிரிட் போட்டு சுத்தியும் தொடைச்சேன், மூலைக்கு மூலை. தொடைச்சு முடிக்கற வரைக்கும் அவங்க அத்தா பக்கத்துலயே நின்னாரு. ஏதாவது சொல்லணும்னு இருந்துச்சு. "கொண்டு போலாம் அங்கிள்"னு மட்டும் சொன்னேன். நாலு பேரு தூக்குனாங்க. வேன் போயிருச்சு.

அதுக்கப்புறம் கொட்டகையில நான் மட்டும். பலகைய அடுக்கி பிளாஸ்டிக்ல சுத்துனேன். மரத்தூளு கொஞ்சம் கூட தங்கக்கூடாதுன்னு முட்டி போட்டு டேப்பால ஒத்தி ஒத்தி எடுத்தேன். சுத்துன பலகைக்குள்ள இன்னும் சத்தம் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. பசி தெரியல.

மத்தியானம் மெசேஜ் வந்துச்சு. முடிவு என்ன ஆச்சுன்னு கேக்கட்டும்னு காலையில நஜ்வாகிட்ட என் நம்பர் குடுத்திருந்தேன். 'அடக்கம் ஆச்சு அக்கா. நேரத்துக்கு ஆச்சு.'

என்னென்னவோ டைப் பண்ணேன், அழிச்சேன். கடைசியில 'சரி'ன்னு போட்டேன். பலகைய எரிக்க எடுத்துட்டுப் போற லோரிக்காரன் வாசல்ல வந்து ஹார்ன் அடிச்சான். கதவத் தொறந்து விட்டேன்.