சவர்க்காரம் ஐம்பது ரூபாய்

1

முப்பத்தேழு ரூபாய் ஐம்பது சதம். ஸமீமா கௌரிக்குக் கொடுக்கவேண்டிய கடன் அது. இருவருக்கும் எட்டு வயது. காசு மட்டையில் வெட்டியது. பின்பக்கத்தில் ரீச்சரின் கையெழுத்து இருந்தால் மட்டும் செல்லும். இந்தக் கதை அந்த மட்டைக் கடனிலிருந்துதான் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிட்டேன், ஏதோ பெரிய கொடுக்கல் வாங்கல் என்று நினைத்து வாசித்துவிட்டுப் பிறகு என்னோடு கோபிக்க வேண்டாம்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடம், ஆண்டு மூன்று வகுப்பு, ஒரு வெள்ளிக்கிழமை. கணக்குப் பாடத்துக்கு வகுப்பில் கடை போட மேசை போதாது என்று மாக்ரெட் ரீச்சர் சொல்லியனுப்ப, புறக்கோட்டையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நான் நாலு தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுபோய் அடுக்கினேன். அடுக்கு ஆடியது. பாடம் முடியும்வரை பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். நின்றேன். என் கண்ணால் கண்டது அதற்குள்ளும் அடுத்த திங்கட்கிழமை கொஞ்ச நேரத்துக்குள்ளும் அடங்கும். மிச்சத்தை எழுதித்தான் கண்டேன்.*

* எழுத்து எனக்கு நாற்பதைத் தாண்டித்தான் வந்தது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் தூக்கிப் பார்த்துத்தான் வைக்கிறேன். பாரமில்லாததை இறக்கிவிடுவேன்.

2

தொடக்கம் ஒன்று: "கொட்டாஞ்சேனையில் அன்று காலையிலிருந்தே மழை" (மழை இல்லை. கூரைத் தகடு வெயிலில் படபடத்தது. இறக்கியாயிற்று.)

தொடக்கம் இரண்டு: "கௌரியின் கண்களில் யுத்தத்தின்" (இந்த வசனம் தானாக வந்தது. தானாக வருவதை நம்பக்கூடாது. கௌரியின் கண்கள் அப்போது யாரோ கொண்டுவந்த வெறும் பிஸ்கட் பெட்டியில் இருந்தன.)

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன்:

மாக்ரெட் ரீச்சருக்கு அந்தக் கிழமை முழுவதும் கௌரியைப் பற்றிய யோசனைதான். தாயோடும் தம்பியோடும் கிளாலிக் கடலைத் தாண்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிள்ளை. லொட்ஜில் ஓர் அறையில் இருக்கிறார்கள். பழைய பள்ளிக்கூடத்து விடுகைப் பத்திரம் இல்லை. இடையில் ஒரு வருடம் பள்ளிக்கூடமே ஒழுங்காக நடக்கவில்லை. பள்ளிக்கூட அதிபர் நிக்கலஸ் அவளுடைய பெயரை இன்னும் வரவு இடாப்பில் ஏற்றவில்லை.

"வெள்ளிக்கிழமை மட்டும் பாருங்கோ, ரீச்சர். கணக்கு வராட்டி ஆண்டு இரண்டில இருத்துவம்."

ஆண்டு இரண்டில் அவளுடைய தம்பி இருந்தான். அவனோடு ஒரே வாங்கில் இருத்தினால் பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டேன் என்று கௌரி சொல்லிவிட்டாளாம். தாய் வந்து அதை மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

(ரீச்சரின் யோசனைக்குள் நான் எப்படிப் புகுந்தேன் என்று கேட்கிறீர்களா? பெட்டி தூக்குகிறவன் எல்லா வீட்டுப் பின்வாசலும் அறிந்தவன்.)

3

கடைக்கான பொருளெல்லாம் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை: பால்மாப் பெட்டி, நெருப்புப் பெட்டி, சவர்க்கார உறைக்குள் மரத்துண்டு, சக்தி போன இரண்டு பற்றரி. அன்றன்றைக்குக் கடைக்காரராக இருக்கிறவர் வீட்டில் விலை கேட்டுவந்து துண்டில் எழுதி ஒட்டவேண்டும். வாங்குகிறவருக்கு ரீச்சர் ஒரு சீட்டும் கொஞ்ச மட்டைக் காசும் கொடுப்பார். சீட்டில் உள்ளதை வாங்காமல் இடத்துக்குத் திரும்பக்கூடாது. வெள்ளிக்கிழமை கடைக்காரி கௌரி.

ஸமீமாவின் சீட்டில் ஒரு சவர்க்காரம். கையில் பன்னிரண்டு ஐம்பது. ரீச்சர் தெருக்கடை விலை பார்த்துத்தான் கொடுத்திருந்தார்.

(முதலில் ஸமீமாவைப் பொல்லாதவளாக எழுதினேன். கதைக்கு ஒரு பொல்லாதவள் வேண்டும் என்று யாரோ சொன்ன ஞாபகம். எழுதிப் பார்த்தால் அவள் அடங்கவில்லை. கடைக்காரர் மகள், விலை தெரிந்தவள், அவ்வளவுதான் அவளுடைய குற்றம்.)

"எவ்வளவு?"

"ஐம்பது."

"எங்கட வாப்பாட கடேல பன்னண்டு அம்பதுதான்."

"அப்ப அங்க போய் வாங்கு."

வகுப்பு சிரித்தது. ஸமீமாவுக்குப் போக இடமில்லை, சீட்டு கையில். கௌரி காசை எண்ணி வாங்கிக்கொண்டு பில் எழுதினாள்: விலை 50.00, தந்தது 12.50, மிச்சம் 37.50. கீழே, திங்கள் தரவும்.

ரீச்சர் எட்டிப் பார்த்தபோது ஐம்பதுதான் முதலில் கண்ணில் பட்டது. சிவப்புப் பேனையால் ஒரு பிழைக்குறி போட்டார். போட்டுவிட்டு நிமிர்ந்தால் வாசலில் நிக்கலஸ் சேர்.

4

அந்த நேரம் பார்த்து யோகநாதன் என்றொரு பொடியன் எழும்பினான். கௌரி பற்றரி இரண்டையும் ஒளித்து வைத்திருக்கிறாள் என்றான். அடுக்கில் பற்றரி இல்லைத்தான். கணக்குப் பிழை, இப்போது களவுமா? ரீச்சர் குனிந்து பார்த்தார். என் காலடியில், கடைசிப் பெட்டிக்குள், அவளுடைய கைலேஞ்சியில் சுற்றிப் பத்திரமாக இருந்தன.

"ஏன் பிள்ளை இதை ஒளிச்சு வச்சனீர்?"

கௌரி பயப்படவில்லை. தெரியாத ஒருவருக்கு வியாபாரம் பழக்குவதுபோலச் சொன்னாள்.

"பற்றரி வெளியில வைக்கிறேல்லை, ரீச்சர். தெரிஞ்ச ஆக்கள் வந்து கேட்டாத்தான் எடுத்துக் குடுக்கிறது."

யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுபோக அரசாங்கத் தடை. சவர்க்காரம் வந்தால் வரும், வராவிட்டால் விலை ஏறும். ரீச்சர் இதைப் பத்திரிகையில் எத்தனையோ தரம் வாசித்தவர். வாசித்தது இப்படி லேஞ்சியில் சுற்றிக்கொண்டு வகுப்புக்குள் வரும் என்று நினைக்கவில்லை.

"சவர்க்காரம் ஐம்பதெண்டு ஆர் சொன்னது?"

"அம்மாட்டக் கேட்டனான்."

தாய் கொழும்பில் இன்னும் சவர்க்காரம் வாங்கவில்லை. அங்கிருந்து கொண்டுவந்த கட்டி கரையவில்லை. தெரிந்த விலையைச் சொல்லியிருக்கிறார்.

ரீச்சர் பில்லைத் திரும்ப எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போனார்.

"கணக்குச் சரி, சேர். விலைதான் வேற ஊர்."

"சோதனைத்தாள் இஞ்சதான் அடிக்கிறது, ரீச்சர்."

அதுவும் நியாயம்தான். ரீச்சர் திரும்பினார்.

"கௌரி, இஞ்ச ஒரு சவர்க்காரம் பன்னிரண்டு ஐம்பது. நூறு ரூபாய்க்கு எத்தினை?"

கௌரி கூரையைப் பார்த்தாள். விரல் மடித்தாள். ஒரு தரம் அழித்து மறுபடி மடித்தாள். நான் பெட்டியை இறுக்கிப் பிடித்தேன். பெட்டி அப்போது ஆடவில்லை.

"எட்டு."

சொல்லிவிட்டு அவளே யோசித்தாள். பிறகு அதிபரைப் பார்த்தே கேட்டாள்:

"அவ்வளவு மலிவெண்டா ஸமீமா ஏன் ஒண்டு மட்டும் வாங்கினவ?"

5

நிக்கலஸ் சேருக்கு மூன்று முடிவு எழுதினேன்.

ஒன்றில், "சட்டம் சட்டம்தான்" என்று அவளை ஆண்டு இரண்டுக்கு அனுப்பினார். இரண்டாவதில் அவர் கண் கலங்க (இல்லை. அந்த மனிதனைத் தெரிந்தவர்கள் என்னை அடிக்க வருவார்கள்). மூன்றாவதில் திரும்பித் தன் அறைக்குப் போனார். அதுதான் நடந்தது.

திங்கட்கிழமை பெட்டிகளைத் திருப்பி எடுக்கப் போனேன். ரீச்சர் இடாப்புக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக, புது மையில், ஒரு பெயர். "வந்திட்டன், ரீச்சர்" என்ற குரல் ஆண்டு மூன்றின் இரண்டாவது வாங்கிலிருந்து கேட்டது. கரும்பலகையில் நடுவே கோடிட்டு ஒரு பக்கம் கொழும்பு விலை, மறு பக்கம் யாழ்ப்பாண விலை. பெட்டி இன்னும் கொஞ்ச நாளைக்கு வேணும் என்றார் ரீச்சர்.

6

கடன் மிச்சமிருக்கிறது.

ஸமீமா அன்று வாப்பாவின் கடையிலிருந்து மூன்று சவர்க்கார உறை கொண்டுவந்திருந்தாள். உள்ளே மரத்துண்டு கச்சிதமாக வெட்டி வைத்திருந்தது. கௌரியின் முன்னால் வரிசையாக வைத்தாள்.

"மூணு பன்னண்டு அம்பது. முப்பத்தேழு அம்பது. கணக்குச் சரியா?"

இந்த இடத்தில் நான் இரண்டாக எழுதி வைத்திருக்கிறேன். அந்த நேரம் ரீச்சர் என்னை ஒரு வாளி தண்ணீருக்கு அனுப்பிவிட்டார். திரும்பி வந்தபோது இருவரும் ஒரே வாங்கில் இருந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாவதில் கௌரி மூன்றையும் எடுத்து அடுக்கில் வைக்கிறாள். பில்லைக் கிழிக்கிறாள்.

இரண்டாவதில் ஒன்றை மட்டும் எடுக்கிறாள். மற்ற இரண்டையும் தள்ளிவிடுகிறாள். "எனக்கு ஒண்டே ஐம்பது" என்று சொல்லி, மிச்சக் காசு பன்னிரண்டு ஐம்பதை மட்டையில் எண்ணி ஸமீமாவின் கையில் வைக்கிறாள். பில்லைக் கிழிக்கிறாள்.

எந்த ஊர் விலையில் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டிலும் கடன் தீர்ந்தது.