இரண்டு இடது கை

கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டேன். வேறு துணி வாங்கி அன்றைக்கே தைத்துக் கொடுத்தும்விட்டேன். அந்தப் பெண்ணே மறந்துவிட்டாள். என் மாமியார் ராஜம்மாள் மறப்பாரா? மல்லசமுத்திரம் சந்தை முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

"ஊட்டுல பால் பொங்குனாத் தெரியறதில்ல, இவளுக்குத் தையக்கடை ஒரு கேடா?"

பால் பொங்கியது உண்மைதான். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கவனம் ஓரிடத்தில் நிற்காது. நாமக்கல் டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அது திமிர் இல்லை என்றும் சொன்னார். வீட்டில் யார் காதில் வாங்கினார்கள்? நானேதான் வழி தேடிக்கொண்டேன். அடுப்பில் பால் வைத்தால் செல்போனில் அலாரம். கடை மேசையில் ஒரு துணிக்கு மேல் இருக்காது. வெட்டும்போது, "இது வலது கை, மோகனா, வலது" என்று வாய்விட்டுச் சொல்வேன். அதற்குப் பிறகு ஒரு துணியும் கெடவில்லை. ஆனால் தனியாகப் பேசுகிறேனாம், அதுவும் குற்றம்.

கடையை மூடியே ஆக வேண்டும் என்றார் மாமியார். என் கணவர் கௌதமன் நல்ல மனிதர்தான்; அம்மா முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. கடைசியில், "அம்மன்கிட்டப் பூக் கேட்டுப் பாத்துரலாங்கம்மா" என்றார். எங்கள் பக்கத்தில் எதற்கும் அப்படித்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. கையில் வெள்ளை வந்தால் கடை இருக்கும். சிவப்பு வந்தால் பூட்டு.

என் பிழைப்புக்குப் பூவா தீர்ப்புச் சொல்வது?

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போனோம். பூசாரி தனபால் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். மாமியார் வெள்ளையும் சிவப்புமாக அரளிப் பூவையும் இலைத் துண்டுகளையும் என்னிடம் நீட்டி, "இதையாவது ஒழுங்காக் கட்டு" என்றார். என்ன நக்கல்! வாங்கிக்கொண்டு தூணோரம் உட்கார்ந்து கட்டினேன். பூசாரி இரண்டு பொட்டலங்களையும் அம்மன் காலடியில் வைத்தார். மாமியாரே கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். பிரித்தால் வெள்ளை.

"உத்தரவு ஆயிருச்சுங்க" என்றார் பூசாரி.

மாமியாருக்கு மனசு ஆறவில்லை. மற்றதையும் எடுத்துப் பிரித்தார். அதிலும் வெள்ளை.

"அட கெரகமே! பாத்தியா கௌதமா? அன்னைக்கு ரெண்டு எடது கை, இன்னைக்கு ரெண்டு வெள்ளை! சாமி காரியத்துலகூட இவளுக்குக் கவனமில்ல பாரு!"

"தெரியாமப் பண்ணிப்போட்டாளுங்கம்மா, விடுங்க" என்று கௌதமன் எனக்காகக் கெஞ்சினார்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து உதறினேன். அதில் முடிந்து வைத்திருந்த சிவப்பு அரளியெல்லாம் மாமியாரின் காலடியில் விழுந்தது.

"தெரியாம இல்லீங்கத்தை. வாய்க்குள்ளயே சொல்லிச் சொல்லித்தான் கட்டுனேன். இதுல வெள்ளை, மோகனா, இதுலயும் வெள்ளைன்னு. கடைக்கு நேரமாச்சு, வாரேனுங்க."