கதிரைத் தொழுகை

கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டபின்தான் கமீலா தான் உட்கார்ந்து தொழும் கதிரையைச் சுவரோரம் தள்ளினாள். தொழுகைப் பாயான முசல்லாவை விரித்து நின்றாள். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தாள். பிறகு மெல்ல மண்டியிட்டாள். பதினான்கு மாதங்களுக்குப் பிறகு நெற்றி தரையில் பட்டது. இடுப்பில் அந்தப் பழைய குத்து எழவில்லை. நெற்றி பதித்த அந்தச் சுஜூதிலேயே அழுதாள். எழுந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதிரையை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். சுகமானதை ஒளித்துவைக்க வேண்டியிருந்தது.

காரணம் அவள் படுத்திருந்த அந்த முன்னறை. கல்முனையில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மகள் பஸ்னாவுக்கு மூன்று வருடங்களுக்கு முன் வீட்டை எழுதிய அன்று, சாகும்வரை அங்கே குடியிருக்கும் சீவிய உரித்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும்படி நொத்தாரிசு சொன்னார். "பெத்த புள்ளையிட ஊட்டுல எனக்கென்னத்துக்கு உரித்து?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள் கமீலா. அன்றைய பெருமையை நினைத்தால் இப்போது வாய் கசந்தது. குளியலறையோடு சேர்ந்த முன்னறை அவளிடம் மிஞ்சியதே முதுகு விழுந்ததால்தான். படுத்துக் கிடப்பவளைப் பின்னால் அனுப்பினால் ஊர் என்ன கதைக்கும் என்று மருமகன் றிஸ்கான் பயந்தான்.

பின்னால் என்றால் சமைக்கும் குசினியை ஒட்டிய தகரக் கூரை அறை. இறக்காமத்து வயல் நெல் மூடைகளும் அவற்றைத் தேடி வரும் எலிகளும் அங்கேதான். அந்த அறையைக் கமீலாவுக்கு நன்றாகத் தெரியும். இந்த வீடு தன் கைக்கு வந்தபோது, தன் உம்மா சபியாவை அங்கே அனுப்பியவளே அவள்தான். "அங்க காத்து நல்லா வரும் உம்மா" என்று சொல்லித்தான் அனுப்பினாள். மத்தியானங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கும். கமீலா ஃபேனைக் கூட்டிவைத்துக்கொண்டு கண்ணயர்வாள்.

கமீலாவைச் சுகமாக்கிய கஜேந்தினி, பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்புக்காரி. கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த பெண்கள் சிகிச்சை நிலையமொன்றில் யோகா சிகிச்சை கொடுப்பவள். முதல் மாதம் அவள் ஒரு ஆசனமும் சொல்லித்தரவில்லை. மல்லாந்து படுக்கவைத்து, கமீலாவின் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள். வலிக்குப் பயந்து மூச்சை அடக்கிவைத்திருக்கிறீர்கள், அதை விட்டால்தான் முதுகும் விடும் என்றாள். பிறகு முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பது, பூனைபோல் நின்று முதுகை வளைப்பது என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொரு நாளும் எங்கே நோகிறது என்று கேட்டாள். வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. இன்னும் எத்தனை மாதம் என்றுதான் கேட்டார்கள்.

அதனால்தான் சுஜூது செய்ததை அவளிடம் மட்டும் சொன்னாள் கமீலா. சொன்னது செவ்வாய்க்கிழமை. தாயை ஓட்டோவில் கூட்டிப்போக வந்த பஸ்னாவிடம், கஜேந்தினி சிரிப்பை அடக்கமுடியாமல் அதைச் சொல்லிவிட்டாள்.

"உங்கட உம்மா இப்ப நிலத்தில இருந்து எழும்புறா. நெத்தி தரையில படத் தொழுதவவாம். நீங்க பார்க்கல்லியா?"

பஸ்னா அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

அடுத்த நாள் காலை றிஸ்கான் அளவு நாடாவோடு முன்னறைக்குள் வந்தான். ஜன்னலுக்கு மேலே, தங்களுக்கென்று ஏசி பூட்டப்போகும் இடத்தில், பென்சிலால் ஒரு கோடு போட்டான். பஸ்னா தாயின் கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைத் தடவினாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பின்னறையத் துப்பரவாக்கித் தாறன் உம்மா. அங்க காத்து நல்லா வரும்."

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் தான் சொன்ன அதே சொற்கள். அவை சபியாவின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று கமீலாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. உம்மாவுக்காக அவள் அழவில்லை. அந்த அறைக்குப் போவதில்லை என்று மட்டும் முடிவெடுத்தாள்.

வியாழன் சிகிச்சைக்கு வழக்கம்போலப் போனாள். கஜேந்தினி சொன்னதையெல்லாம் செய்தாள். திரும்பி வந்து ஓட்டோவிலிருந்து இறங்கும்போது வாசற்படியில் அப்படியே சரிந்தாள். அந்தப் புள்ள முதுகில ஏறி அமத்திப் போட்டா என்று முனகினாள். அந்த வசனத்தை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். சண்டைக்கு ஆள் தேடுபவன் றிஸ்கான். அவனுக்கு அது போதுமாக இருந்தது. நிலையத்துக்குப் போய்க் கத்தினான். கத்தியதை ஃபோனில் பிடித்து முகநூலில் போட்டான். பொழுதுபட முன்னம் அது ஊர் முழுக்கச் சுற்றியது. இனி வரவேண்டாம் என்று நிலையத்து முதலாளி கஜேந்தினியை நிறுத்திவிட்டார்.

வெள்ளி வந்து போனது. பின்னறையைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. பென்சில் கோடு மட்டும் சுவரில் இருந்தது.

சனிக்கிழமை கஜேந்தினி வந்தாள். வாசலில் றிஸ்கான் ஏசினான். உம்மாவின் முதுகை ஒருக்காப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அவள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பஸ்னாதான் உள்ளே விட்டாள். விட்டுவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

கமீலா குப்புறக் கிடந்தாள். வலிக்கிற உடம்பு எப்படி விறைத்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்; அதுபோலவே விறைத்துக் கிடந்தாள். கஜேந்தினியின் கை இடுப்பில் வந்து நின்றது.

"மூச்ச விடுங்க உம்மா."

எட்டு மாதம் கேட்டுப் பழகிய குரல். கமீலா கேட்குமுன் அவள் முதுகு கேட்டுவிட்டது. மூச்சு நீளமாக வெளியேறியது. அந்தக் கையின் கீழே தசைகள் இளகி, எலும்புகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. விரல்கள் அசையாமல் நின்றன. எல்லாம் தெரிந்துவிட்டது என்று கமீலாவுக்கு விளங்கியது.

"எங்க நோகுது?"

கமீலா தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு இடத்தைக் காட்டினாள். சுகமாயிற்று என்று ஒரு சொல் சொன்னால் போதும், இவளுடைய பிழைப்பு திரும்பிவிடும். அந்தச் சொல் வாய்வரை வந்தது. தகரக் கூரையும் அந்த இருமலும் நினைவுக்கு வர, விழுங்கிவிட்டாள்.

கஜேந்தினி நிமிர்ந்து சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தாள். வாசலில் நின்ற மகளையும் பார்த்தாள். பிறகு, நிலையத்தில் அறிக்கை எழுதும்போது கதைக்கிற அதே குரலில் பஸ்னாவிடம் சொன்னாள்.

"ஓம். மோசமாத்தான் இரிக்கி. இனி இவவ குனிய விடாதீங்க. சுஜூதும் வேணாம், கதிரையிலேயே தொழட்டும். சாகும்வரைக்கும்."

அது இரக்கமா பழியா என்று கேட்கக் கமீலாவுக்கு முகம் இருக்கவில்லை. தலையைத் தூக்கியபோது செருப்புச் சத்தம் படியிறங்கிக்கொண்டிருந்தது.

பஸ்னா தாயைத் திருப்பிப் படுக்கவைத்துப் போர்வையை இழுத்துவிட்டாள். மகளின் கண்கள் நெடுநேரம் அவள் முகத்திலேயே இருந்தன. நம்பினாளா என்பது அந்தக் கண்களில் தெரியவில்லை.

"தனிய உழுந்து கிடந்தா ஆரு காணுற உம்மா?" என்றாள். றிஸ்கானைக் கூப்பிட்டுக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னாள்.

அவன் நான்கு ஆணிகளையும் கழற்றி எடுத்துப்போன பிறகு நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. கமீலா கதிரையில் உட்கார்ந்தாள். கதவு அரைவாசி திறந்திருந்தது. அந்தப் பக்கம் வெங்காயம் வெட்டியபடி மகள் இருந்தாள். நின்று தொழ முடியுமானவர் உட்கார்ந்து தொழுதால் அந்தத் தொழுகை செல்லாது என்பது கமீலாவுக்குத் தெரியும். தக்பீர் கட்டினாள். சுஜூதுக்கு நேரம் வந்தபோது தலையைச் சற்றே தாழ்த்தினாள். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நிறுத்திக்கொண்டாள். வெங்காயம் வெட்டும் சத்தம் நின்றிருந்தது.