கவிழ்த்தால்தான் பாஸ்

படகைக் கவிழ்த்தால்தான் பாஸ் என்று ஒரு பரீட்சை இருப்பதாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அந்தப் பேட்டைப் பிள்ளைகளுக்குப் படகு கட்டச் சொல்லிக்கொடுத்த சங்கத்தின் சட்டம் அதுதான். இரண்டு பேர் சேர்ந்து ஒரு படகு கட்ட வேண்டும். கட்டி முடித்ததும் ஏரி நடுவில் தாங்களே அதைக் குப்புறக் கவிழ்த்து, தாங்களே நிமிர்த்தி, ஏறிக் கரைக்கு வர வேண்டும். வந்தால் படகு அவர்களுக்கு. இல்லாவிட்டால் பொதுக் கொட்டகைக்கு.

இந்தப் படகைக் கட்டியது பிசினும் அவள் அண்ணனும். பழைய டயர் குடோனில் உட்கார்ந்து, பிளைவுட் பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் துணி தைப்பதுபோல் தைத்து, இடுக்கெல்லாம் பசை பூசினார்கள். பசை தலைமுடியில் ஒட்டி, கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டிவந்த அன்று அண்ணன் அவளுக்கு வைத்த பெயர்தான் பிசின். பாய்மரம் நடுவதற்குள் அவன் போய்விட்டான். தண்ணீரில் இல்லை, மேம்பாலத்தில், பைக்கில். ஓட்டியவன் அவன் சிநேகிதன் நெட்டை. வண்டியில் இரண்டு பேர், ஹெல்மெட் ஒன்று. அண்ணனுக்குப் பின்மண்டையில் அடி.

ஹெல்மெட் யார் தலையில் இருந்தது என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்கப் பயம். பிசினுக்குப் பயம்கூட இல்லை. சோறு போட்டால் தின்றாள், பள்ளிக்கூடம் என்றால் போனாள். ஒரு சொட்டு அழவில்லை. "கல்நெஞ்சுக்காரி" என்று பக்கத்து வீட்டுக்காரி மாடிப்படியில் சொன்னது அவள் காதில் விழுந்தது. விழுந்தது, அவ்வளவுதான்.

நெட்டை மட்டும் தினமும் வந்தான். லிஃப்ட் எப்போதோ செத்துப்போன அந்தக் கட்டடத்தில், ஆறாம் மாடிக்குத் தண்ணீர் கேனை அவன்தான் தோளில் சுமந்தான். அம்மா அவனுக்கு டீ போட்டுக் கொடுப்பாள்.

"நீயாச்சும் வர்றியே கண்ணு," என்பாள்.

அவன் டம்ளரையே பார்த்தபடி குடித்துவிட்டுப் போவான்.

அண்ணன் இடத்துக்கு ஆள் வேண்டும் என்று சங்கத்தில் கேட்டபோது கை தூக்கியதும் அவன்தான். பயிற்சி கொடுக்கும் விசில் அக்காவுக்கு வாயைவிட விசில்தான் அதிகம் பேசும். அன்றைக்கு விசிலைக் கழற்றி வைத்துவிட்டுப் பிசினைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இவன்கூட ஒனக்குச் சரிப்படுமாடி? இல்லன்னா வேற ஆளப் பாக்கலாம்."

"யாரா இருந்தா என்னக்கா. படகு கொட்டகைக்குப் போகக் கூடாது."

அந்த ஒன்றில்தான் அவளுக்குக் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தது.

பரீட்சை அன்று நல்ல காற்று. ஏரி நடுவில் இருவரும் ஒரே பக்கமாக உட்கார்ந்து சாய்ந்தார்கள். படகு கொஞ்சம் யோசித்துவிட்டு, மரியாதை பார்க்காமல் தலைகீழானது.

கவிழ்ந்த படகுக்கு அடியில் கொஞ்சம் காற்று தங்கியிருக்கும், தலையை நீட்டி மூச்சு விடலாம். பிசின் அங்கேதான் எழுந்தாள். பச்சை இருட்டு. பக்கத்திலேயே நெட்டையும் தலை தூக்கினான். இருவர் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. தலைக்கு மேலே அண்ணன் கோணல்மாணலாகப் பூசிய பசை.

உடனே வெளியே போயிருக்க வேண்டும். பிசின் நகரவில்லை.

"ஹெல்மெட்ட யாரு போட்டிருந்தீங்க?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். எங்கேயோ உருண்டு போச்சு என்று ஒரு வார்த்தை போதும், அதற்கு மேல் அவள் கிளறியிருக்க மாட்டாள்.

"நான்தான்," என்றான்.

"அவனா குடுத்தான்?"

"இல்ல. அவன் கேட்டான். ஓட்டுறவன்தான் போடணும்னு சொல்லி நானே மாட்டிக்கிட்டேன்."

வெளியே விசில் கத்தியது. பிசின் மூச்சைப் பிடித்து மூழ்கி வெளியே வந்தாள். வந்ததுமே அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை மாதமாக எங்கே போய்த் தொலைந்திருந்ததோ, அத்தனையும் சேர்ந்து வந்தது.

அதற்காக வேலை நிற்குமா? கனமானவன் என்பதால் நெட்டை படகின் வயிற்றில் மீன்துடுப்புபோல் துருத்திக்கொண்டிருந்த நடுப்பலகைமேல் ஏறி நின்று கயிற்றை இழுத்தான். அவள் மறுபக்கம் படகின் உட்புறத்தோடு ஒட்டிக் கிடந்தாள். படகு தண்ணீரோடு அவளையும் அள்ளிக்கொண்டு நிமிர்ந்தது. அவன் ஏரியில் விழுந்தான்.

இனி அவள் அவனைத் தூக்க வேண்டும். அவன் விளிம்பைப் பிடித்து எம்பினான், வழுக்கினான். மறுபடி எம்பினான், முடியவில்லை. மிதவைச் சட்டை போட்டிருக்கிறான், செத்துப்போய்விட மாட்டான். ஆனால் மீட்புப் படகு வந்து தொட்டால் பரீட்சை போச்சு, படகும் போச்சு. போகட்டும் என்றுதான் பிசின் முதலில் நினைத்தாள். கிடக்கட்டும். கையைக் கட்டிக்கொண்டு, விளிம்பில் வெளுத்துப்போன அவன் விரல்களைப் பார்த்தாள். அவன் "தூக்கு" என்று கேட்கவில்லை.

மீட்புப் படகின் மோட்டார் உறுமியது. பிசின் சட்டென்று குனிந்து, அவன் தோள்பட்டை வார்களை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அவன் நனைந்த மூட்டைபோல் உள்ளே விழுந்தான்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"தெனமும் டீ குடிச்சே."

அவன் படகில் தேங்கிய தண்ணீரைக் கையால் அள்ளி வெளியே கொட்டினான்.

"சாயங்காலம் வந்து சொல்லு. அம்மா அடுப்பப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்."

"சொல்றேன். அதுக்கப்புறம் வீட்டுக்கு வரலாமா?"

"அத அம்மாகிட்ட கேளு. எனக்குத் தெரியாது."

பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. "கயித்தப் புடி," என்றாள். அவன் பிடித்தான், பாய் காற்றை வாங்கிப் புடைத்தது. பிசின் சுக்கானைக் கரைப்பக்கம் திருப்பினாள். அவள் விசும்பி விசும்பி அழுவதைப் பார்த்து, பாஸாகிவிட்ட சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு கரையில் எல்லோரும் கைதட்டினார்கள்.