புகைபோக்கித் தங்கம்

மத்தியானம் பன்னிரண்டரைக்கு நாகலட்சுமி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வருவாள். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் ஆனந்தராஜா மற்ற இருபத்துமூன்றரை மணி நேரத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

மனைவி இறந்து மூன்று வருடம். மகன் பெர்த்தில். நோபல் பார்க் வீட்டில் தொலைக்காட்சியைத் தவிர வேறு குரல் கிடையாது. கொழும்பில் இரசாயனப் பகுப்பாய்வாளராக இருந்தவர், இந்த 2004இல், அறுபத்தொரு வயதில், மெல்பேர்ன் ஆவணக் காப்பகம் ஒன்றில் பழைய கோப்புகளுக்குச் சுருக்கம் எழுதிக்கொண்டிருந்தார். நாகலட்சுமி அங்கேயே கண்காட்சிப் பிரிவு, சென்னைக்காரி.

"அங்கிள், உங்க திருடன் சூப்பர் ஹிட்!" என்றாள் அந்தத் திங்கட்கிழமை. "டைரக்டரே பாராட்டிட்டார். என்னைப் பர்மனென்ட் பண்ணப் போறாங்களாம்."

திருடன் என்றது ஜேம்ஸ் ஹார்ட்னெல்லை. 1884இல் ஒரு நாணயச்சாலையில் தங்கம் உருக்கியவன். ஒரே வருடத்தில் அவன் உலையில் நாற்பத்தொரு அவுன்ஸ் குறைந்தது. விசாரணை வைத்தார்கள். 'புகையோடு போயிருக்கும்' என்றான். அதிகாரிகள் சிரித்தார்கள் என்று விசாரணைக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. ஓய்வூதியம்கூட இல்லாமல் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஆனந்தராஜா தீர்ப்புப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, 'தங்கம் திருடியவர்' என்று சுருக்கம் எழுதினார். ஒரு நாளைக்கு முப்பது கோப்பு முடித்தால்தான் கிழவனாலும் வேலை செய்ய முடியும் என்று நம்புவார்கள். அந்தச் சுருக்கத்தை நம்பித்தான் நாகலட்சுமி கண்காட்சியின் நடுச்சுவரை நிரப்பியிருந்தாள். வெள்ளிக்கிழமை திறப்பு.

புதன்கிழமை காலை, அதே நாணயச்சாலையின் கட்டடப் பராமரிப்புக் கட்டு ஒன்றை அவிழ்த்தார். வடிகால், கூரை ஓடு, சுவர் வர்ணம். நடுவில் 1885ஆம் வருடத்து அறிக்கை ஒன்று: உருக்குக்கூடப் புகைபோக்கியைச் சுத்தம் செய்து, அந்தக் கரியை உருக்கிப் பிரித்ததில் கிடைத்த தங்கம் முப்பத்தொன்பது அவுன்ஸ்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார். உலைக்காற்று தங்கத் துகளை மேலே இழுத்துக்கொண்டு போகும் என்று இரசாயனம் படித்தவருக்குத் தெரியாதா? அந்த மனிதனுடைய பதிலைப் படித்திருந்தால் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும். படிக்கவில்லை.

கட்டைத் திரும்பக் கட்டி வைத்தால் இன்னும் நூறு வருடத்துக்கு ஒருவரும் அவிழ்க்கப் போவதில்லை. நாகலட்சுமியும் நாளைக்கு, நாளன்றைக்கு என்று வந்துகொண்டிருப்பாள்.

மத்தியானம் அவள் வந்து பாக்ஸைத் திறந்ததும் அவர் தாளை நீட்டினார்.

"என்ன அங்கிள், லவ் லெட்டரா?"

"வாசிச்சுப் பாரும் பிள்ளை."

வாசித்தாள். முகம் மாறியது.

"இதை இப்பவா காட்டுவீங்க? சுவரெல்லாம் ஒட்டியாச்சு!"

"இண்டைக்குத்தான் கண்டனான். பிழை என்ரை. முழுக்க வாசிக்காமல் எழுதிப்போட்டன்."

"அவன் செத்து நூறு வருஷம் ஆச்சு. எழுந்து வந்து கேட்கப் போறானா?"

"வரமாட்டான். அதாலைதான் அவனுக்காக நான் சொல்லுறன்."

"திருடன்னா ஜனம் வரும். திருடாதவனைப் பார்க்க யாரு வருவா?"

அவர் தாளில் முப்பத்தொன்பது என்ற எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார்.

"வேலையையும் ஒழுங்கா செய்யல. கண்டதை மறைச்சுட்டு சும்மாவும் இருக்கல," என்றாள். சாப்பாட்டை மூடினாள். தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நேர்மையான பெண். இரண்டு நாள் வீட்டுக்கே ஒழுங்காகப் போகாமல் சுவரைப் பிய்த்து மாற்றினாள். விசாரணைத் தீர்ப்பும் புகைபோக்கி அறிக்கையும் பக்கத்தில் பக்கத்தில். 'திருடன்' என்ற சொல் எங்கேயும் இல்லை.

கடைசி நேரக் குளறுபடி என்று டைரக்டர் முணுமுணுத்தார். பர்மனென்ட் பேச்சு நின்றுபோயிற்று. குற்றம் முழுவதும் தன்னுடையது என்று ஆனந்தராஜா அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். உண்மையைச் சொன்னதற்கு ஆனந்தராஜாவுக்கு நன்றிக் கடிதம் வந்தது. அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

அடுத்த வாரம் லிஃப்டில் இருவரும் சந்தித்தார்கள்.

"குட் மார்னிங், மிஸ்டர் ஆனந்தராஜா."

தமிழில் சொல்ல ஏதோ வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டு, "குட் மார்னிங்" என்றார்.

இரண்டாம் மாடியில் அவள் இறங்கிக்கொண்டாள். அவர் மூன்றாம் மாடிக்குப் போனார்.