லூஸ் விடாத சட்டை

பொம்மைக்கு உடுப்பு வெட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்தப் பட்டறையில் ஆளில்லை. அளவு அட்டையைத் துணிமேல் வைத்துக் கோடு போட்டுக் கத்தரியை ஓட்டினால், ஒரு சாண் பொம்மையின் உடம்பில் சட்டை தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மனிதருக்கு வெட்டுகிறவர்கள் அளவுக்கு மேல் கொஞ்சம் லூஸ் விடுவார்கள், மூச்சு விட, உட்கார, குனிய. பொம்மை இதில் எதையும் செய்யாது. அதனால் லூஸ் விடும் பழக்கமே அவள் கைக்குக் கிடையாது.

அந்த வருடம் விமானி பொம்மை பிய்த்துக்கொண்டு விற்றது. நீலச் சட்டை, நீலக் கால்சட்டை, தோளில் தங்கப் பட்டை. பொம்மைக்கும் அதை வாங்கும் பிள்ளைக்கும் ஒரே மாதிரி உடுப்பு கொடுத்தால் என்ன என்று முதலாளிக்கு யோசனை உதித்தது. இருக்கிற அட்டையைப் பெரிதாக்கினால் வேலை முடிந்தது, இதற்கு எதற்குத் தனியாக ஓர் ஆள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவளும் அப்படியே செய்தாள். தன் மகளின் உயரத்துக்கு அட்டையைப் பெருக்கி வெட்டி, முதல் மாதிரியை வீட்டுக்கே எடுத்துப் போனாள். வெள்ளிக்கிழமை பள்ளியில் மாறுவேடப் போட்டி. மகளுக்கும் ஆச்சு, பட்டறைக்கும் ஆச்சு.

மகளை வீட்டில் பட்டாணி என்பார்கள். கன்னமும் உருண்டை, வயிறும் உருண்டை, வாய் ஓயாது. விமானி பொம்மை கைக்கு வந்த நாளிலேயே, விமானம் ஓட்டுவதென்று அவள் முடிவு செய்துவிட்டாள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஓட்டுவாள். அப்பாதான் பயணி. ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிற பயணி.

உடுப்பை அவள் யாரும் இல்லாதபோது போட்டுப் பார்த்தாள். கால்சட்டை தொடையோடு நின்றது. சட்டைப் பொத்தானும் காஜாவும் ஆளுக்கொரு பக்கம் நின்றன. வேறொரு பிள்ளையாக இருந்தால் தையல் சரியில்லை என்று தூக்கி எறிந்திருக்கும். இவளோ அம்மா வெட்டினால் நூலிழை பிசகாது என்று கேட்டே வளர்ந்தவள். அப்படியென்றால் பிசகு வேறெங்கே இருக்க முடியும்? உடுப்பை மடித்து வைத்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து தட்டில் பாதிச் சாப்பாடு மீந்தது. கேட்டால் பசிக்கவில்லை என்றாள். நாற்காலிகள் சுவரோரம் போய்விட்டன. இன்றைக்கு விமானம் கிளம்பாதா என்று அப்பா விசாரித்ததற்கு, "என்னை இனிமே பட்டாணின்னு கூப்பிடாதீங்கப்பா" என்று மட்டும் பதில் வந்தது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. பட்டறையில் பொத்தான் தைக்கும் அக்காவிடம் சொன்னபோது, அந்த வயதில் பிள்ளைகள் அப்படித்தான், கண்டுகொள்ளாதே என்றாள்.

ஒரு மாலை அம்மா வேலை விட்டு வந்தபோது, மகள் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். அம்மாவின் அளவு டேப்பை இடுப்பில் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கி இழுத்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"என்னடி பண்ற?"

"நான் விமானி ஆகலம்மா."

"ஏன்?"

"அந்த உடுப்புக்குள்ள நான் போக மாட்டேங்கிறேன்."

அம்மா உடுப்பைப் போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு அதே டேப்பைச் சட்டையின் இடுப்பிலும் மகளின் தலையைச் சுற்றியும் வைத்துப் பார்த்தாள். சட்டையின் இடுப்பைவிட மகளின் தலை பெரிதாக இருந்தது.

"தப்பு என்னோடதுடி கண்ணு. பொம்மை அளவுல வெட்டிட்டேன்."

"பொம்மைக்குச் சரியாத்தானே இருக்கு? அப்ப நான்தானே தப்பு?"

அம்மா உடுப்பைக் கழற்றிவிட்டாள். மகள் பொம்மையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "என் அளவுல இவளுக்குத் தைச்சுக் காட்டு, பார்க்கலாம்" என்றாள்.

அம்மா மகளை அளந்தாள். அளவைச் சிறிதாக்கி, வெட்டுத் துண்டில் கத்தரித்து, ஞாபகமாக லூஸ் விட்டுத் தைத்தாள். பட்டாணியே பொம்மைக்கு மாட்டினாள். கையை எடுத்த அடுத்த நொடி கால்சட்டை கணுக்காலுக்கு வந்துவிட்டது. சட்டை, கொடியில் காயப்போட்டது மாதிரி தொங்கியது. தூக்கி விட்டாள், மறுபடி விழுந்தது. அப்போதுதான் அந்தக் கால்களைக் கவனித்தாள். குதிகால் உயர்ந்து, நுனிவிரலில் நிற்கிற கால்கள்.

"இவளுக்குப் பாதம் கீழயே படாதாம்மா?"

"படாது."

"அப்ப பெடலை எப்படி மிதிப்பா?"

"அவ எங்கடி ஓட்டுறா, பெட்டியில நிக்கிறா."

பட்டாணி சிரிக்கவில்லை. டேப்பை வாங்கித் தன் தலையையும் சட்டை இடுப்பையும் இன்னொரு தரம் அளந்தாள். அம்மா கணக்கை அவள் சரிபார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு உள்ளே போய், மூடி வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, அம்மா அவள் அளவுக்கே வெட்டித் தைத்த புது உடுப்பில் நாற்காலியில் ஏறி அமர்ந்தாள். குனிந்தாள், கையை மேலே நீட்டி இல்லாத பொத்தான்களைத் தட்டினாள், காலால் மிதித்தாள். உடுப்பு எங்கேயும் இறுக்கிப் பிடிக்கவில்லை. அப்பா தயங்கித் தயங்கி, "பட்டாணி, கிளம்பலாமா?" என்றார்.

"கேப்டன் பட்டாணி" என்று திருத்தினாள் அவள்.

பட்டறையில், பிள்ளைகளுக்கான அட்டையை மாற்றச் சம்மதித்த முதலாளி, பொம்மை அட்டையில் மட்டும் கை வைக்கக் கூடாது என்றார், வைத்தால் விற்காதாம். அம்மா அந்தப் பழைய பொம்மை அட்டையையே நீலத் துணிமேல் வைத்துக் கோடு போட்டாள். கத்தரி எப்போதும்போல ஓடியது. இடுப்பு வரும்போது மட்டும் ஒரு கணம் நின்று, பிறகு போனது.