பின்சக்கரத்துக்கு ஒரு கல்

மலையே இல்லாத அந்த ஊரில், நில அளவையர் வாங்கிய பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி மட்டும் தினமும் மலையேறித்தான் வேலைக்குப் போனது. வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு அது தார் ரோட்டில் முதல் கியரில் முக்கி முனகி ஊர்ந்துபோகும் ஒரு வண்டி, அவ்வளவுதான். உள்ளே உட்கார்ந்தவர்களுக்கோ முதுகு இருக்கையில் அழுந்தும், தபால் நிலையம் தாண்டியதும் காது அடைக்கும், கோர்ட் வளைவில் கண்ணாடியில் பனி படியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவருடைய மனைவிக்கு முதல் நாளே காது அடைத்தது. "ஏங்க, நாம மேல ஏறிட்டிருக்கோம்" என்றாள். "உனக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றார் அவர்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய வண்டி அல்ல அது. அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். டார்ச்சோடு அடியில் படுத்து, சேஸிஸில் துரு இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஆயிலை விரலில் தொட்டு மோந்து பார்த்தார். கூட்டிப்போன மெக்கானிக், "வண்டி கிண்ணுன்னு இருக்கு சார். ஆனா டவுனுக்குள்ள தினப்படி ஓட்ட இது எதுக்கு சார்?" என்று கேட்டார். அதையேதான் மனைவியும் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடக்கமாக ஒரு சின்னக் கார் போதும் என்பது அவள் கட்சி. மழைக்காலத்தில் தெருவெல்லாம் தண்ணீர், அளக்கப் போகும் இடமெல்லாம் சேறு என்பது அவர் கட்சி. உண்மையில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு அப்படியொரு வண்டியின் மேல் கண். விற்றவர் ஒரு மாட்டு டாக்டர். பல வருஷம் மலை எஸ்டேட்டுகளில் சுற்றியவர், முழங்கால் போய்விட்டதால் விற்கிறார். சாவியோடு ஒரு கருங்கல்லையும் கொடுத்தார். ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. "எங்க நிறுத்தினாலும் பின்சக்கரத்துக்கு இத முட்டுக் குடுத்துருங்க. இதுக்கு மலையத் தவிர ஒண்ணும் தெரியாது" என்றார். அளவையர் சிரித்துவிட்டார். "எங்க ஊர முழுசா அளந்தவன் சார் நான். ஒரு கோலிக்குண்டுகூட உருளாது."

அந்தக் கல் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கூடத் தங்கவில்லை. கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு மனைக்காக அண்ணனும் தம்பியும் தலைமுறைக் கணக்கில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதை அளந்து பிரிக்கப் போன அன்று எல்லைக்கல் ஒன்று குறைந்தது. கல்தானே என்று, வண்டியில் கிடந்ததை எடுத்து மூலையில் நட்டுவிட்டார். சகோதரர்கள் அன்றோடு சண்டையை விட்டார்கள். வண்டி அன்றோடு தொடங்கியது.

வாசலில் நிறுத்தினால் விடிவதற்குள் நாலு வீடு தள்ளிப் பின்னால் போய் நின்றது. ஹேண்ட் பிரேக் கேபிள் தொய்ந்திருக்கிறது என்று அதை மாற்றினார். மறுநாள் ஐந்தாவது வீட்டு வாசலில் நின்றது. அவர் ஊரெல்லாம் சொல்லிவந்த கோலிக்குண்டை வைத்துக் காட்டச் சொல்லி அந்த வீட்டுக்காரி கேலி செய்தாள். அவர் கோபத்தில் மட்டக்கருவியைத் தெரு நடுவில் நிறுத்தி, மனைவியைக் கூப்பிட்டுக் குமிழியைக் காட்டினார். குமிழி அசையாமல் நடுவில் நின்றது. "பாத்தியா? தெரு மட்டம்" என்றார். அதற்குமேல் அவரிடம் பேசிப் பயனில்லை. கியருக்குப் பக்கத்தில் நான்கு சக்கரத்தையும் இழுக்கவைக்கும் குட்டை லீவர் ஒன்று இருந்தது. அதைப் போட்டால் வண்டி இவ்வளவு திணறாது என்று மெக்கானிக்கே சொன்னார். அவர் தொடவில்லை. காய்ந்த சமதளத்தில் அதைப் போட்டு ஓட்டினால் பல்சக்கரம் உடைந்துவிடும் என்பது புத்தகத்தில் இருக்கிறது, அதுவும் நிஜம்தான். லீவரைப் போடுவது மலையை ஒப்புக்கொள்வது. அவர் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

ஏற்றம் நாளுக்கு நாள் செங்குத்தானது. மனைவி பஸ்ஸுக்கு மாறினாள். மூன்றாவது படிக்கும் மகள் மட்டும் அப்பாவோடுதான் பள்ளிக்கூடம் போவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். "அப்பா ஒண்ணுமே பேசறதில்லம்மா. ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிச்சிக்கிட்டே இருக்காரு. நானும் வரலன்னா அவரு தனியா போவாரே" என்றாள். ஸ்வெட்டரைப் போட்டு அனுப்பிவைத்தாள் தாய். அனுப்பியிருக்கக் கூடாது என்று அதன்பின் எத்தனையோ தடவை தன்னையே நொந்துகொண்டாள்.

மழை விட்ட ஒரு பிற்பகலில் டீக்கடைக்காரர் கண்ணாடிக் கடைக்கு ஓடிவந்தார். "அக்கா, கோர்ட் வாசல்ல உங்க வண்டி பின்னாடி போயிட்டிருக்கு." அவள் போட்டது போட்டபடி ஓடினாள். பலகை போல மட்டமான ரோட்டில், சக்கரங்கள் நான்கும் இறுகிப் பூட்டியிருக்க, வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் கதறியது. கோர்ட்டுக்கு வந்திருந்த கூட்டம் மொத்தமும் பின்னால் நின்று முட்டுக்கொடுத்துத் தள்ளியும் நிற்கவில்லை. குழந்தையையாவது இறக்கலாம் என்று ஒரு வக்கீல் பின்கதவைத் திறந்தார். குழந்தையின் செருப்புக்குக் கீழே ரோடு இல்லை. அடி தெரியாத வெள்ளைப் பனிதான் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு நடைபாதையில் போய் உட்கார்ந்தவர், அன்று எந்த வழக்குக்கும் ஆஜராகவில்லை. பின்கண்ணாடியில் மகள் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்திருந்தாள். அவள் வாயசைவு தாய்க்குப் புரிந்தது. பள்ளம்… அம்மா, என்றாள்.

மாட்டு டாக்டர் சொன்னது தாய்க்கு நினைவில் இருந்தது, கல் எங்கே நட்டிருக்கிறது என்பதும் தெரியும். கோர்ட்டுக்குப் பின்னால் ஓடி, மண்ணைக் கையால் பறிக்கத் தொடங்கினாள். அண்ணன்காரர் பாய்ந்து வந்தார்.

"எல்லைக்கல்லத் தொட்டீங்கன்னா கோர்ட்டுக்குப் போவேன்மா."

"போங்க. அங்கதான் எம் பொண்ணு இருக்கா."

தம்பிதான் கடப்பாரை எடுத்துக் கொடுத்தார். கல்லைக் குழந்தையைப் போல இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, பின்சக்கரத்துக்கு அடியில் தேய்ந்த பக்கம் உள்ளே இருக்கும்படி திணித்தாள். ஊரே கூடித் தள்ளியும் நிற்காத வண்டி, ஒரு கல்லுக்கு நின்றது. முன்கதவைத் திறந்து, பரணில் ஏறுவது போலத் தொற்றி உள்ளே ஏறினாள். மகள் பின்னாலிருந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் ஸ்டியரிங்கை விடவில்லை. "பிரேக் ஷூ தேஞ்சிருக்கு, அதனாலதான்…" என்று தொடங்கினார்.

"மலைங்க" என்றாள் அவள்.

அவர் முன்னால் பார்த்தார். பனி விலகிய இடத்தில் செம்மண் பாதை வானத்தைப் பார்க்கக் கிடந்தது. "ஆமா, மலைதான்" என்றார். பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். கல்யாணமாகி அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. பிறகு குட்டை லீவரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர்கள் வீடு திரும்பினார்கள். வண்டியில் அந்தப் பக்கத்து மண்ணில் இல்லாத சிவப்புச் சேறு அப்பியிருந்தது. கல்லை அவளே இறங்கி எடுத்துவந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அளவையர் ஊர் வரைபடத்தைத் திருத்தினார். தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டு ஓர் அதிகாரியை அனுப்பியது. அவரை வண்டியில் ஏற்றிக் கோர்ட் வரை கூட்டிப்போனார்கள். காதைத் தேய்த்தபடி இறங்கியவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கல் போன மூலையில் அண்ணனும் தம்பியும் மறுபடி மல்லுக்கு நின்றார்கள். வேறு எந்தக் கல்லையும் ஒருவர் நட்டால் இன்னொருவர் ஒப்புக்கொள்வதில்லை. அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. அதில் தனக்கும் பங்குண்டு என்ற உறுத்தல் அவளுக்கு இருக்கிறது. ஆனாலும் கல்லைத் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.

மகள் படித்து வேலைக்குப் போய்விட்டாள். மலை மட்டும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் உயர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போது மனைவியும் அந்த வண்டியில்தான் கண்ணாடிக் கடைக்குப் போகிறாள், ஸ்வெட்டரோடு, கல்லை மடியில் வைத்துக்கொண்டு. எங்கே நிறுத்தினாலும் முதலில் அவள் இறங்குவாள். பின்னால் போய்க் குனிந்து, கல்லைச் சக்கரத்துக்குக் கொடுத்து, காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "ம்" என்பாள். அதுவரை அவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதில்லை.